நடையா, ஜிம்மா, சோற்றைக் குறைப்பதா? ஐம்பதை நெருங்கும் செட்டிநாட்டுக்காரர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரிலும் ஐம்பதை நெருங்கும் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சுகருக்கும் பிபிக்கும் வந்து நிற்கிறது. "கொலஸ்ட்ரால் கூடிப்போச்சாம், வாக்கிங் போகச் சொல்லிட்டாரு" என்கிறார் ஒருவர். "சோத்தை அடியோட நிறுத்துங்கண்ணே, பேலியோ இருங்க" என்கிறார் அடுத்தவர். "செக்கு எண்ணெய்க்கு மாறினாலே எல்லாம் அடங்கிரும்" என்று மூன்றாமவர் அடித்துச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர் மூன்றில் எதையும் தொடங்காமல் இன்னொரு வருடத்தைக் கடத்திவிடுகிறார். எங்கள் குடும்பத்தில் அப்பாவும் சித்தப்பாவும் மாரடைப்பில் போனவர்கள். அந்தக் கடந்துபோகும் வருடம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் வேக நடை, இரண்டு மூன்று நாள் தசைக்கான பயிற்சி, இலையில் சோற்றின் இடத்தைக் கொஞ்சம் பிடுங்கிப் பருப்புக்கும் காய்க்கும் கொடுப்பது. இந்த மூன்றும் சேர்ந்த வழிதான் நம் பக்கத்துக்குப் பொருந்துகிறது. செட்டிநாட்டுச் சமையலை விட வேண்டியதில்லை. அதில் பலகாரமும் உப்பும் மூன்றாவது ரவுண்டு சோறும் எவ்வளவு இருக்கின்றன என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் என்ற இதய மருத்துவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அதே தரவிலிருந்து தெற்காசியர்களைத் தனியே பிரித்துப் பார்த்த கட்டுரை 2007-ல் வந்தது. முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது நமக்கு 53, மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். மற்றவர்கள் ஐம்பதில் யோசிக்கத் தொடங்கினால் நாம் நாற்பத்து நாலில் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஆய்வில் தைரியம் தருகிற செய்தியும் உண்டு. புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்புக் குறைவு உள்ளிட்ட, நாம் மாற்றக்கூடிய ஒன்பது காரணங்களே முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் சுமார் 90 சதவீதத்துக்குக் கணக்குச் சொல்லிவிடுகின்றன.

பீடியோ சிகரெட்டோ, வெற்றிலையோடு புகையிலையோ பழக்கம் இருப்பவர்கள் கீழே உள்ள ஒப்பீட்டைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அதை நிறுத்த வேண்டும். எந்த நடையும் எந்தக் கீரையும் புகையிலை செய்வதை ஈடுகட்டாது.

உணவா, உடற்பயிற்சியா: எதில் தொடங்குவது?

இரண்டும் வேண்டும் என்று சொல்வது எளிது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்குகிறவர்கள் அடுத்த திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன என்று தெரிந்தால் எதை முன்னால் வைப்பது என்பது புரியும்.

தொப்பை குறைய வேண்டுமானால் உணவுதான் முதலில். கணக்கு இதுதான்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்து செலவழிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். காலையில் வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு, திரும்பி வந்து எண்ணெய் மினுங்கும் ரெண்டு மசாலா சீயம் சாப்பிட்டால் அன்றைய நடை எடைக்கணக்கில் சேராது. "மூணு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கலை" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் எடை இறங்காததால் நடை வீண் என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எடை அசையாவிட்டாலும் நடை ரத்த அழுத்தத்தை இறக்குகிறது, தசை சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும் திறனைக் கூட்டுகிறது, ரத்தக் குழாயின் உட்சுவரை நெகிழ்வாக வைக்கிறது. லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கெல்லாம் முன்னோடி. இரட்டைமாடிப் பேருந்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. நம் ஊர்க் கடைகளை நினைத்துப் பாருங்கள். கல்லாவில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை உட்கார்ந்திருக்கும் முதலாளி, மாடிக்கும் குடோனுக்கும் ஓடுகிற பையன். ஐம்பது வயதில் ஆபத்து யார் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லவே வேண்டாம்.

என் பரிந்துரை இப்படி: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் இருந்தால் உணவில் தொடங்குங்கள், நடையை அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒல்லியாக இருந்தும் பிபியோ சுகரோ எல்லையில் நிற்கிறதென்றால் நடையில் தொடங்குங்கள். "ஒல்லியா இருக்கேன், எனக்கென்ன" என்று இருப்பவர்கள் நம்மிடையே நிறைய. இந்தியர்களுக்குக் கை கால் மெலிந்திருக்க வயிற்றுக்குள் மட்டும் கொழுப்பு சேர்வது சாதாரணம். தராசு காட்டாததை டேப் காட்டிவிடும்.

நடை, ஜிம், சைக்கிள், யோகா

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டலில் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி. எல்லோருக்கும் முதல் பாதி தெரிகிறது. இரண்டாம் பாதியை யாரும் காதில் வாங்குவதில்லை.

நடையின் பெரிய பலம், அதை நிறுத்துவதற்குச் சாக்கு கிடைப்பது கடினம். செலவில்லை, கருவியில்லை. நம் பக்கத்து ஊர்களின் அமைப்பே நடப்பவருக்குச் சாதகமானது. கானாடுகாத்தானின் அகலமான நேர்த் தெருக்கள், ஒவ்வொரு ஊரிலும் ஊருணிக் கரை, கோவிலைச் சுற்றிய வீதிகள். சித்திரை வைகாசி வெயிலில் காலை ஏழுக்கு மேல் வெளியே நடப்பது ஆபத்து, அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். அதற்கும் இங்கே வழி உண்டு. முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற பழைய வீடுகளில் முகப்பிலிருந்து வளவு என்ற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை போய்வந்தால் அதுவே நல்ல தூரம். பெரிய வீட்டில் இரண்டு பேர் மட்டும் குடியிருந்து, பாதியைப் பூட்டிப்போட்டிருக்கும் குடும்பங்கள் எத்தனை! அந்தக் கதவுகளைத் திறந்துவிட்டு நடக்கலாம்.

நடையில் குறை ஒன்றுதான்: பெரும்பாலோர் நடக்கிற வேகம் போதாது. அழகப்பா பல்கலைக்கழகப் பக்கத்துச் சாலைகளில் விடியற்காலையில் அரசியலும் நிலத்து விலையும் பேசிக்கொண்டு போகிற குழுக்களைப் பார்த்தால் மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நடை இதயத்துக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேருகிறது. அளவு இதுதான்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பத்தாயிரம் அடி என்ற கணக்கை வைத்துக்கொண்டு கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவ ஆய்விலிருந்து வந்ததில்லை. அறுபதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம், அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடிகளிலேயே பெரும்பயன் கிடைத்துவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. மூவாயிரம் நடக்கிறவர் ஐயாயிரமாக்கினாலும் லாபம்தான்.

ஜிம் என்பதை இளவட்டங்களின் இடம் என்று நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. முப்பதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு மூன்று முதல் எட்டு சதவீதம் என்ற அளவில் தசை கரைகிறது. தசை குறையக் குறைய சாப்பிட்ட சோற்றின் சர்க்கரை போய்ச் சேர இடமில்லாமல் ரத்தத்திலேயே நிற்கிறது. நல்ல பயிற்சியாளர் இருக்கும் ஜிம் கிடைத்தால் சேரலாம். ஆனால் வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். பிபி எவ்வளவு என்று கேட்காமலேயே முதல் நாளே கனமான பாரத்தைத் தூக்கச் சொல்கிற இடத்தையும், டப்பாவில் வரும் புரத மாவை விற்பதில் குறியாக இருக்கிற இடத்தையும் விட்டு விலகிவிடுங்கள். மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் ரத்த அழுத்தம் அந்த நொடியில் எகிறும்.

ஜிம்முக்குப் போக முடியாதவர்கள் இழப்பது அதிகமில்லை. 270 ஆய்வுகளையும் 15,827 பேரையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2023-ல் வந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவை நடை, சைக்கிள் போன்ற பயிற்சிகள் சராசரியாக 4.5 புள்ளி இறக்கின. எடை தூக்குவதும் அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் 6. அசையாமல் ஒரே நிலையில் நிற்கும் பயிற்சிகள் 8 புள்ளிக்கு மேல் இறக்கின! அவற்றில் எளியது, சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் இரண்டு நிமிடம் நிற்பது. நடுவில் ஓய்வு விட்டு நான்கு முறை, வாரத்துக்கு மூன்று நாள். தொடக்கத்தில் முப்பது விநாடியே தொடை நடுங்கும், அது போதும். மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிபி கட்டுக்குள் வராதவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். இதோடு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளும் தண்டால், இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு நடப்பது. வீட்டுக்குள்ளேயே ஜிம் வந்துவிட்டது.

சைக்கிள் முழங்கால் வலிக்காரர்களுக்கு நடையைவிட நல்லது. உள் தெருக்களில் ஓட்டலாம், பைபாஸ் சாலையில் வேண்டாம். யோகா மனசை அமைதிப்படுத்துகிறது, பிபியையும் ஓரளவு குறைக்கிறது. ஆனால் நடைக்குப் பதிலாக வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷட்டில் ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். ஆறு நாள் கல்லாவில் உட்கார்ந்திருந்துவிட்டு ஏழாம் நாள் இருபது வயதுப் பையனோடு போட்டி போடுவதை, மற்ற நாட்களில் நடந்து தயாரானவர் செய்யலாம், மற்றவர்கள் செய்யக்கூடாது.

பாதயாத்திரையையும் இங்கே சேர்க்க வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் மரபு பல நூறு ஆண்டு பழையது. வருடத்தில் அந்த ஒரு வாரம் மட்டும் நடப்பது இதயத்தைக் காக்காது, தயாரிப்பில்லாமல் போனால் காலும் முட்டியும்தான் போகும். ஆனால் அதையே ஒரு தேதியாக வைத்துக்கொண்டு, தீபாவளி முடிந்ததும் இருபது நிமிடத்தில் தொடங்கி வாரா வாரம் கூட்டிக்கொண்டே போகிறவருக்கு அது மூன்று மாதப் பயிற்சித் திட்டமாகிவிடுகிறது. வெறும் உடம்புக்காக எழுந்திருக்காத ஆள் முருகனுக்காக நாலரை மணிக்கு எழுந்திருப்பார்.

இலையில் எதை மாற்றுவது?

உணவில் நம் முன்னால் நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன: சோற்றை விட்டுக் கறியும் கொழுப்புமாகச் சாப்பிடும் பேலியோ, சிறுதானியம், ஓட்ஸ்-சாலட்-ஆலிவ் எண்ணெய் என்ற வெளிநாட்டு வழி, இருக்கிற சமையலையே அளவு மாற்றிச் சாப்பிடுவது.

பேலியோவில் எடை வேகமாக இறங்குகிறது, சுகரும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் குறைகின்றன. இதை மறுக்க முடியாது. ஆனால் வெண்ணெயும் நெய்யும் கொழுப்புள்ள கறியுமாகச் சாப்பிடும்போது சிலருக்கு எல்.டி.எல் என்ற கெட்ட கொழுப்பு எகிறிவிடுகிறது, அது யாருக்கு எகிறும் என்று முன்கூட்டித் தெரியாது. இதயத்துக்காகவே உணவை மாற்றுகிறவர் அந்த எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்காமல் இதில் இறங்கக்கூடாது. சுகர் மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இன்னொரு சிக்கல் வீட்டுக்குள் வருகிறது. ஒருவருக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்கு வேறு சமையல் என்றால் அடுப்படியில் நிற்பவர் எத்தனை நாளைக்குத் தாங்குவார்? நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சிறுதானியம் நல்லது, வரகும் குதிரைவாலியும் கேழ்வரகும் இந்த வறண்ட பூமிக்குப் புதியவையும் இல்லை. ஆனால் தானியத்தை மாற்றிவிட்டு அளவை மாற்றாதவர்களுக்குப் பலன் சொற்பம். மாவாக நைய அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். கவுனி அரிசிக்கும் இதே கதை. தவிட்டோடு இருக்கும் கறுப்பரிசி, சத்துள்ளதுதான், ஆனால் நம் வீடுகளில் அதைச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிளறித்தானே இலையில் வைக்கிறோம்! கவுனியை உப்புக் கஞ்சியாகவோ தோசையாகவோ செய்தால் அந்தத் தவிடு உடம்புக்குப் பயன்படும்.

வெளிநாட்டு வழிக்கு ஆதாரம் வலுவானது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் ஏறக்குறைய ஐந்து வருடம் நடந்த பிரெடிமெட் ஆய்வில், ஆலிவ் எண்ணெய் அல்லது பருப்புக் கொட்டைகளோடு மத்தியதரைக்கடல் உணவு சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைந்தன. 2013-ல் வந்த அந்தக் கட்டுரையில் ஆட்களைப் பிரித்த முறையில் குறை இருந்ததால் திரும்பப் பெற்று, திருத்தி, 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான் நின்றது. அந்த இலையில் என்ன இருந்தது என்று பாருங்கள்: பயறு, காய், பழம், மீன், கொட்டைகள், திரவமாக இருக்கும் எண்ணெய், இனிப்பும் சிவப்புக் கறியும் குறைவு. இதற்கு ஆலிவ் எண்ணெய் வாங்கக் காசைக் கொட்டத் தேவையில்லை. மொச்சையும் தட்டைப்பயறும் வாழைப்பூவும் கீரையும் சந்தையில் கிடக்கின்றன. ஒரு கைப்பிடி அவித்த கடலை இருக்கிறது. தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து வரும் மத்தியும் கானாங்கெளுத்தியும் இதயத்துக்கு நல்ல கொழுப்புள்ள மீன்கள், விலையும் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வராது. வாரம் இரண்டு நாள் குழம்பாக வைத்தால் போதும்.

ஆகவே நான்காவது வழிதான். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்ன நாளொன்றுக்கான அளவில் தானியம் 250 கிராம், காய் 400 கிராம், பருப்பு-முட்டை-கறி வகை 85 கிராம், பழம் 100 கிராம். நம் வீட்டில் நடப்பது வேறு. காலையில் இட்லி அல்லது இடியாப்பம், மதியம் குழம்புக்கு ஒரு ரவுண்டு, ரசத்துக்கு ஒரு ரவுண்டு, மோருக்கு ஒரு ரவுண்டு சோறு, இரவு மறுபடி தோசை. மூன்று வேளையும் அரிசிதான், காய் ஓரத்தில் தொட்டுக்கொள்ள. இதைத் திருப்பிப் போட ஒரு சின்ன ஒழுங்கு போதும். உட்கார்ந்ததும் கூட்டு, பொரியல், வெண்டைக்காய் மண்டி, அவித்த முட்டை இவற்றை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும், சோறு பிறகு, ஒரே ஒரு தடவை. ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடிக்கலாம். காயும் புரதமும் முன்னால் போனால் பின்னால் வரும் சோற்றின் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் வளவைச் சுற்றி நடந்தால் இன்னும் குறையும்.

மசாலாவைக் கண்டு பயப்படத் தேவையில்லை. மிளகும் சோம்பும் கல்பாசியும் சின்ன வெங்காயமும் இதயத்தை ஒன்றும் செய்யாது. ஊர் பெயரைப் பலகையில் எழுதி, மேலே இரண்டு விரல் எண்ணெய் மிதக்க ஹோட்டலில் தருகிற குழம்பை வைத்து நம் சமையலை எடைபோடக்கூடாது. அம்மியில் அரைத்த மசாலாவே குழம்புக்குக் கெட்டி கொடுத்துவிடும், எண்ணெய்க்கு அங்கே அவ்வளவு வேலையில்லை. தோல் நீக்கிய நாட்டுக்கோழி, காடை எல்லாம் தாராளமாக இருக்கலாம். ஆட்டுக்கறியை மாதம் ஒன்றிரண்டு தடவைக்குக் கொண்டுவாருங்கள், கோலா உருண்டையைப் பொரிக்காமல் பணியாரச் சட்டியில் சுட்டுப் பாருங்கள், ருசி குறையாது.

எண்ணெய்ச் சண்டைக்கு வருவோம். கெட்ட கொழுப்பை ஏற்றும் நிறைகொழுப்பு நல்லெண்ணெயில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள், பாமாயிலில் பாதி, தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். 2020-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்-லை 10 புள்ளி போல ஏற்றுகிறது என்று காட்டியது. ஆகவே தினச் சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். செக்கில் ஆட்டியது வாசமாக இருக்கும், வாங்குங்கள். ஆனால் செக்கு எண்ணெயிலும் அதே 120 கலோரிதான். எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை லிட்டர் என்பதே பெரிய கேள்வி. ஒருவருக்கு நாளுக்கு 25 கிராம் என்று வைத்தால் நாலு பேர் வீட்டுக்கு மாதம் 3 லிட்டரை ஒட்டி வரும். உங்கள் மளிகைச் சீட்டில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்.

பலகாரத் தூக்கும் உப்பு ஜாடியும்

தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம், கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம். எங்கள் பக்கத்தின் பெருமை இது, எத்தனையோ வீடுகளில் பெண்களின் சொந்தச் சம்பாத்தியமும் இதுதான். இதைச் சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் தீபாவளிக்கும் சுட்ட பலகாரம் இப்போது கடையில் வருடம் முழுக்கக் கிடைக்கிறது. மாலை நாலு மணி காபிக்குத் தூக்கைத் திறப்பது தினப் பழக்கமாகிவிட்டது. விசேஷத்தன்று இலையில் விழுவதை நிம்மதியாகச் சாப்பிடுங்கள், தினத்தூக்கை மூடிவிடுங்கள் என்பதே என் கோடு. நாலு மணிக்கு அந்த இடத்தில் சுண்டலோ கடலையோ வரட்டும்.

வாங்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். டால்டா போன்ற வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு மிக மோசமானது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் அதை 2 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பது இந்திய விதி. ஆனால் கறுத்துப்போகும் வரை திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயை உங்கள் சார்பில் தினமும் யாரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. அன்றன்றைக்குப் புது எண்ணெயில் சுடுகிற வீட்டுப் பலகாரத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம்.

விருந்தாளியாகப் போகும்போதுதான் உண்மையான சோதனை. "போதும் ஆச்சி" என்றால் "ஒண்ணே ஒண்ணு வச்சுக்கப்பு" என்று இரண்டு விழும். மறுத்தால் மனசு வருத்தப்படும். இதற்கு நான் கண்ட வழி, உட்காரும்போதே "எனக்குக் கூட்டு ரெண்டு தடவை வைங்க ஆச்சி, அதுதான் பிடிக்கும்" என்று கேட்டு வாங்குவது. பரிமாறுகிறவருக்கு வேண்டியது நாம் கேட்டுச் சாப்பிட வேண்டும் என்பதுதான்.

உப்பு சத்தமில்லாமல் வருவது. நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குழம்பில் போடும் உப்போடு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், சுண்டைக்காய் வத்தல், கருவாடு, உப்புக்கண்டம் எல்லாம் சேர்ந்தால் வரம்பு எங்கேயோ நின்றுவிடும். பிபி உள்ள வீட்டில் இவற்றில் ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் என்று வைக்கலாம். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வந்த ஆய்வில், சாதாரண உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அந்த வகை உப்பு நம் கடைகளிலும் சோடியம் குறைந்த உப்பு என்ற பெயரில் கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில பிபி மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது

கடையில் உட்காருகிறவர், தொப்பை உண்டு, சுகர் எல்லையில்: மதியச் சோற்றை ஒரு ரவுண்டாக்குவதும் நாலு மணித் தூக்கை மூடுவதும் முதல் மாதம். இரண்டாம் மாதம் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை மூன்று வேளையும். அதுவே நாளுக்கு முப்பது நிமிடம், காலையில் எழ முடியவில்லை என்ற சாக்கும் இல்லை.

மாதவிடாய் நிற்கும் வயதில் உள்ள பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை ஹார்மோன் கொடுத்த பாதுகாப்பு குறைந்து, கொழுப்பும் பிபியும் ஏறத் தொடங்கும் காலம் அது. "வீட்டு வேலையே எனக்கு எக்ஸர்சைஸ்தானே" என்பார்கள். வேலை உண்டு, களைப்பும் உண்டு, மூச்சு வாங்கும் வேகம் பெரும்பாலும் இல்லை. காலையில் அவர்களுக்கு அடுப்பு இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு மேல் கோவில் வீதியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேகமாகச் சுற்றுவதும், வீட்டில் சுவர்ப் பயிற்சியும் நடைமுறைக்கு வரும். அந்த நேரத்தில் வீட்டில் உள்ள ஆண்கள் காபியைத் தாங்களே போட்டுக்கொள்ளட்டும்.

முட்டி வலி உள்ளவர்கள் சைக்கிளையும் நாற்காலிப் பயிற்சியையும் எடுத்துக்கொள்ளலாம். அப்பாவோ அண்ணனோ 55-க்குள், அம்மாவோ அக்காவோ 65-க்குள் மாரடைப்பு கண்ட குடும்பம் என்றால் எந்த வழியில் இறங்கும் முன்பும் முழுப் பரிசோதனை அவசியம். பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்பையும் அப்போதே பார்த்துவிடலாம், வாழ்நாளில் ஒருமுறை போதும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு இருந்தால் பயிற்சியை நிறுத்தி அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே வந்தால் 108. 'வாயுதான்' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காரக்கூடாது. 2023-லிருந்து தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் கிராமத்துக்கு அருகில் உள்ள நிலையம் எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

தொடங்கும் நாளில் இடுப்புச் சுற்றளவு, பிபி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), கொழுப்பு நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நான்கையும் பாருங்கள். பிபியும் சர்க்கரையும் நடைக்கும் இலைக்கும் நன்றாகவே இறங்கும். எல்.டி.எல் அப்படி இல்லை. உணவால் அது பொதுவாகப் பத்து, பதினைந்து சதவீதம் குறையும், மாத்திரை முப்பதிலிருந்து ஐம்பது சதவீதம் வரை குறைக்கும். ஆகவே மருத்துவர் மாத்திரை எழுதினால் அதை உங்கள் முயற்சியின் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நன்றாகத்தானே நடக்கிறோம் என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எந்த மாத்திரையைக் குறைக்கலாம், எதைத் தொடர வேண்டும் என்று அந்த எண்களைப் பார்த்து அவர் சொல்வார்.